மைசூரிலிருந்து வந்த கூரை

மைசூரில் இறங்கியதும் எனக்கு அதிர்ச்சி கொடுத்தவை மரங்கள். எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

வேதாரண்யத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் புயல் வந்துபோன பிறகு நிமிர்ந்து நிற்கும் மரத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடக்கிறது, வகுப்பறையில் ஒரே நேரத்தில் தூங்கிவிட்ட பிள்ளைகள் மாதிரி. இங்கே சாலையின் இரண்டு பக்கமும் அத்தனை மரங்கள், அதுவும் இலையோடு! ஆட்டோவில் போகும்போது தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்ததில், ஓட்டுநர் நான் முதல்முறையாக நகரத்தைப் பார்க்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். அரண்மனையைக் காட்டினார். நான் அதன் எதிரில் இருந்த மரத்தைப் பார்த்தேன்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உடனே வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பேச விஷயம் கிடைத்தால் இந்த ஊரில் ஆட்டோ மெதுவாகப் போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"உங்கள் ஊரில் புயலுக்குப் பெயர் வைக்கிறார்களாமே?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "எங்கள் மழைக்குப் பெயரே கிடையாது. அதனால்தான் டிவியில் வருவதில்லை. பெயர் இருந்திருந்தால் எங்களுக்கும் நிவாரணம் கிடைத்திருக்கும்."

அதற்குப் பதில் யோசிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் அவர் இறக்கிவிடும்போது சொல்லி முடித்தார். ராணுவம், ஹெலிகாப்டர், பிறகு ஒரு பெரிய சுவர். கடலுக்கு.

நான் வந்த காரியம் சுவர் அளவுக்குப் பெரியதல்ல. தார்ப்பாய். எங்கள் தெருவில் கூரை பறக்காத வீடு கிடையாது. எல்லோரும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். என் செல்வி அண்ணி கைக்குழந்தையோடு மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பள்ளி திறக்கிறது, அன்று காலை எல்லோரும் காலி செய்ய வேண்டும். பள்ளி திறந்துவிட்டால் இயல்புநிலை திரும்பிவிட்டது என்று அர்த்தமாம். கடலில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக்கொண்டிருக்கிறது, அதற்கு இந்த அர்த்தம் தெரியாது.

அண்ணன் புயலுக்கு முன்பு மைசூரில் கொத்தனார் வேலை பார்த்தான். அப்போது அவன் குடியிருந்த வீட்டுக்காரி மாதேவி அக்கா. கர்நாடக எல்லையோர ஹனூர் பக்கத்துத் தமிழ்க்காரி. தையல் ஆலையில் மேற்பார்வை வேலை, மீதி நேரத்தில் அந்தப் பகுதித் தமிழர் சங்கத்தின் செயலாளர். போனில் அண்ணன் அழுததைக் கேட்டுவிட்டு, பந்தல் வாடகைக்கு விடும் ஒருவரிடம் பேசி, எங்கள் தெருவுக்கே போதுமான அளவு கல்யாணப் பந்தல் தார்ப்பாய்களை இலவசமாகக் கேட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அண்ணன் ஊரில் எங்கள் வீட்டின் இடிந்த சுவரை எழுப்பிக்கொண்டிருந்தான். வீட்டில் பட்டம் வாங்கி, வேலை வாங்காமல், வாய் மட்டும் குறைவில்லாமல் இருந்தது நான்தான். அனுப்பிவிட்டார்கள்.

"வா கண்ணு, வா! கயலு நீதானா? உங்கண்ணன் சாடையே இல்லியே, நல்லவேளை" என்று மாதேவி அக்கா கதவிலேயே வரவேற்றாள்.

"அக்கா, தார்ப்பாய் ஏத்தியாச்சா? இப்பக் கிளம்புனா நாளைக்குப் போய்ச் சேந்துடலாம்."

"மொதல்ல ஊட்டா பண்ணு."

ஊட்டா என்றால் சாப்பாடு. கேழ்வரகுக் களி உருண்டை, தட்டில் பூமியைப் போல உட்கார்ந்திருந்தது. அதைக் கடிக்கக் கூடாது, கிள்ளிச் சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும் என்றாள். நான் கடித்தேன். பிறகு பேச முடியாத அந்த இடைவெளியில்தான் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"லாரி எல்லாம் வேண்டாம், நம்ம ஊட்டுக்காரரு டெம்போ இருக்குது. ஆனா நாளைக்குப் பங்க்‌ஷன் முடியட்டும். பட்டிமன்றம் வெச்சிருக்கறோம். முடிஞ்சதும் நடுவரு கொடியசைப்பாரு, பந்தக்கட நஞ்சுண்டப்பா கையால ஒப்படைப்பாரு, போட்டோ எடுத்ததும் நீ கெளம்பலாம்."

களியை ஒருவழியாக உள்ளே தள்ளினேன். "பட்டிமன்றமா? எதுக்குக்கா?"

"சும்மா குடுத்தா என்ன மரியாதை? ஊர்ல நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

தலைப்பைக் காட்டினாள். புதிய பிளக்ஸ் பேனர், ஹால் நீளத்துக்குச் சுருட்டி வைத்திருந்தது. விரித்தால் ஒரு ஓரத்தில் நடுவரின் சிரித்த முகம், நடுவில் சிவப்பு எழுத்து: 'புயல் நிவாரணத்தில் அரசு விழித்ததா? தூங்கியதா?'

மனசாட்சிக்கு உண்மையாகச் சொன்னால், முதலில் எனக்குக் கோபம் வந்தது. அடுத்ததாக, கல்லூரியில் வாங்கிய பேச்சுப்போட்டிக் கோப்பைகள் நினைவுக்கு வந்தன. மூன்றாவதாகத்தான் அண்ணி.

மாலையில் அக்காவின் கணவர் சின்னராஜ் அண்ணன் தோசை வாங்கித் தர அழைத்துப்போனார். அதிகம் பேசாதவர். மைசூர் மசால் தோசையின் உள்ளே சிவப்புச் சட்னி பூசி, மேலே வெண்ணெய் வைத்துத் தருகிறார்கள். சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் சாம்பார் இனித்தால் சமையல்காரர் மாறியிருக்கிறார் என்று அர்த்தம், இங்கே மாறவில்லை என்று அர்த்தம். ஓட்டல் சுவரில் டிவி ஓடியது. நான்கு கட்டங்களில் நான்கு பேர் எங்கள் புயலைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது கட்டத்தில் ஒரு தென்னை மரம் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் பக்கத்து மேசைக்காரர் "அடடா" என்றார். இரண்டாவது காபி வரும் வரை அவருக்கு அலுக்கவே இல்லை.

"இவுங்கள்ல யாராச்சும் அங்க வந்தாங்களா?" என்று சின்னராஜ் அண்ணன் கேட்டார். அன்று மாலை அவர் கேட்ட ஒரே கேள்வி அது.

வீடு திரும்பினால் மாதேவி அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். பட்டிமன்றத்துக்கு ஆறு பேச்சாளர்கள். ஆறு பேரும் 'தூங்கியது' பக்கம்தான் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் 'விழித்தது' விழுந்த மூன்று பேருக்கும் ஒரே மாலையில் காய்ச்சல்.

"எதுத்துப் பேச ஆளே இல்லைன்னா அது பட்டிமன்றமா? கண்டனக் கூட்டமாயிரும். போலீஸ் பர்மிஷன் வேற கேப்பாங்க. நிறுத்திரலாம், அடுத்த ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாம்னு நடுவரு சொல்றாரு."

அடுத்த ஞாயிறு! செவ்வாய்க்கிழமை பள்ளி திறக்கிறது. வேறு வழி?

"நான் பேசுறேன்க்கா. விழிச்சுதுன்னு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கூரை போனது உன்னோடது கண்ணு."

"அதனால என்ன? மூணு பேருக்கும் சேத்து நான் ஒருத்தியே பேசுறேன். முடிஞ்ச உடனே கிளம்பணும், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. இட்லி, கேசரி, உப்புமா என்று சிற்றுண்டி. வாசலில் டெம்போ நின்றது, அதில் தார்ப்பாய்கள் அடுக்கியாகிவிட்டன. நான் அதைப் போய் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் வரிசையில் நஞ்சுண்டப்பா உட்கார்ந்திருந்தார். பந்தல் கடைக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. தமிழ் அரைகுறை. அதனால் மாதேவி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

'தூங்கியது' அணியினர் முழங்கினார்கள். ஒருவர் கும்பகர்ணனை எழுப்பினார், எழுப்பி மறுபடியும் படுக்க வைத்தார். இன்னொருவர் புயலின் கண் எது, அரசின் கண் எது என்று கேட்டார். மூன்றாமவர் அழுதார். மூவரும் கடலைப் பார்த்து வெகுநாள் ஆனவர்கள் என்பது அலை பற்றிய வர்ணனையில் தெரிந்தது. கைதட்டலுக்குக் குறைவில்லை.

நான் எழுந்தேன். கிண்டலாக ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். "தூங்கிய அரசு என்றால், அமைச்சர் படகில் போகும் படத்தை யார் எடுத்தது? தூக்கத்தில் எடுத்தாரா?" என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினை.

அதற்குப் பிறகு உண்மையான விஷயங்கள் வாயில் வர ஆரம்பித்தன. புயலுக்கு முதல் நாள் ஊருக்குள் வந்து, வர மாட்டேன் என்று தூணைக் கட்டிப்பிடித்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் தூணோடு பேசிப் பிரித்து அழைத்துப்போன தாசில்தாரைச் சொன்னேன். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, கழுத்தளவு தண்ணீரில் மின்கம்பம் நட்ட ஊழியர்களைச் சொன்னேன். அவர்களில் ஒருவர் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்தபடியே எங்கள் தெருக்காரர்கள் கயிற்றில் கட்டி ஏற்றிய சோற்றைச் சாப்பிட்டதைச் சொன்னேன். மூன்று பேருக்கான நேரம் இருந்தது, உண்மை ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. மீதியை நாக்கு பார்த்துக்கொண்டது.

"கூரை இழந்த மக்களைக் கைவிட்டதா அரசு? இல்லை! தெருத் தெருவாக, வீடு வீடாகத் தார்ப்பாய் கொடுத்தது! அந்த மண்ணிலிருந்து வந்தவள் சொல்கிறேன்!"

தெருவுக்கு இரண்டு கொடுத்தார்கள். எதுகை மோனைக்கு இரண்டு போதவில்லை.

நடுவர் நாற்பது நிமிடம் இரண்டு பக்கத்தையும் தடவிக் கொடுத்துவிட்டு, "பாதிக்கப்பட்டவரே சாட்சி சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும்? அரசு விழித்தது!" என்று தீர்ப்பளித்தார். விசில் பறந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மிதந்துகொண்டே மேடையிலிருந்து இறங்கினேன்.

கொடியசைக்க வாசலுக்கு வந்தோம். நஞ்சுண்டப்பா தன் கடைப் பையன்களிடம் ஏதோ சொல்ல, அவர்கள் டெம்போவிலிருந்து தார்ப்பாய்களை இறக்க ஆரம்பித்தார்கள்.

"என்னக்கா இது?"

மாதேவி அக்கா கடைக்காரரைக் கை காட்டினாள். நஞ்சுண்டப்பாவே என்னிடம் வந்து, கைகூப்பி, கன்னடத்தில் நிதானமாகப் பேசினார். அக்கா மொழிபெயர்த்தாள்.

"நீ பேசியதைக் கேட்டு மனது நிறைந்தது அம்மா. வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார்கள் என்று தெரியாமல் போய்விட்டது. இனி கல்யாண சீசன் வருகிறது. இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவானேன்?"

"ஐயோ, அது பட்டிமன்றங்க!" என்றேன். "ஒரு பக்கம் எடுத்தா அந்தப் பக்கம்தான் பேசணும். அது முறை!"

அக்கா சொன்னதைக் கேட்டு அவர் தலையாட்டினார். "எங்கள் ஊரிலும் நாடகம் உண்டு. ராவணன் மேடையில் என்ன வேண்டுமானாலும் சொல்வான். ஆனால் அவன் வேஷம் கட்டியிருப்பான். நீ வேஷமே கட்டவில்லையே, அம்மா?"

சால்வையைத் தோளிலிருந்து உருவிக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

நடுவரிடம் ஓடினேன். தீர்ப்பை மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். கேசரியை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டே, "நடுவர் தீர்ப்பே இறுதியானதும்மா. ஒருதடவ மாத்துனா அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?" என்றார்.

"அண்ணிக்குப் போனைப் போடு கண்ணு!" என்றாள் மாதேவி அக்கா. "அங்கிருந்தே சொல்லட்டும். இவரே கேக்கட்டும்."

அருமையான யோசனை. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்தது. அண்ணி எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சுண்டப்பா போனை வாங்கி, தன் அரைகுறைத் தமிழில், கனத்த குரலில் கேட்டார்:

"அம்மா, டார்ப்பால் எல்லாம் வந்திதா?"

அண்ணியின் குரல், கை கட்டி நிற்கிற குரல்:

"எல்லாம் வந்துச்சுங்க சார். ஒரு குறையும் இல்லீங்க சார்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். தவறு அண்ணியுடையதல்ல. புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது: தெரியாத கனத்த குரல் எதைக் கேட்டாலும் குறை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், குறை சொன்னால் அடுத்த மூட்டை அரிசி வராது. யார் சொன்னார்கள், யாருக்கு வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விசாரிக்க வருகிறவர்களிடம் ஊரே ஒரே குரலில் சந்தோஷமாக இருக்கும்.

"பாத்தியா? அவங்களும் சொல்றாங்க" என்றார் நடுவர், கை கழுவிக்கொண்டு.

"அண்ணி! கயல் பேசுறேன்!" என்று நான் கத்தினேன். ஸ்பீக்கர் கீச்சிட்டது. அண்ணிக்கு எதுவும் கேட்டிருக்காது. "சாப்பாடு வேளாவேளைக்கு வருதுங்க சார்" என்று தொடர்ந்துகொண்டிருந்தாள். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம்.

நஞ்சுண்டப்பா போனை என்னிடம் நீட்டப் போனவர், அந்தச் சிணுங்கலைக் கேட்டு நிறுத்தினார்.

"மகு... குழந்தை எங்கே தூங்குது, அம்மா?"

"பெஞ்சு மேலதாங்க சார். ரெண்டு பெஞ்சைச் சேத்துப் போட்டு சீலையக் கட்டியிருக்கேன், உருள மாட்டான். மூணாங் கிளாஸ்லங்க சார்." பிறகு அவசரமாக, "ஆனா குறை ஒண்ணும் இல்லீங்க சார்."

அக்கா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. நஞ்சுண்டப்பா போனைத் திருப்பித் தந்தார். என்னைப் பார்த்து, மெதுவாக, தமிழில் கேட்டார்:

"எல்லாம் வந்தா, குழந்தை ஏன் ஸ்கூல்ல தூங்குது?"

மூன்று பேச்சாளர்களும் ஒரு நடுவரும் நானும் சேர்ந்து காலையிலிருந்து கேட்காத கேள்வி. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பையன்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். தார்ப்பாய்கள் மறுபடியும் ஏறின. இந்த முறை கயிறு, ஆணி, மூங்கில் குச்சி, கூடவே நஞ்சன்கூடு வாழைப்பழத் தார் ஒன்று. "வேஷம் இல்லாமல் பேசாதே" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்து வாழ்த்தினார்.

நடுவர் பெருந்தன்மையோடு, "தீர்ப்பு தீர்ப்பாவே நிக்கட்டும், வண்டி போகட்டும்" என்று கொடியசைத்தார்.

வண்டி நகரும்போது மாதேவி அக்கா மண்டபத்துக்குள் ஓடி, பேனரைக் கயிறோடு அறுத்துக்கொண்டு வந்து பின்னால் எறிந்தாள். "நல்ல கெட்டி பிளக்ஸ் கண்ணு. இதும் மழைக்கு ஆகும்!"

மாநில எல்லையில், பாலாறு சோதனைச்சாவடியில் வனக்காவலர் வண்டியை நிறுத்தினார். காடு அங்கே சாலைமேல் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே என்ன என்றார். தார்ப்பாய் என்றோம். இத்தனை தார்ப்பாய் எதற்கு என்றார். புயல் என்றதும் அவருக்கும் ஒரு கருத்து இருந்தது. அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை தடுப்புக் கம்பம் தூக்கப்படவில்லை. பேனரை விரித்துப் பார்த்தார், தமிழ் படிக்கத் தெரியாது, நடுவரின் முகத்தைக் காட்டி, "யார், மந்திரியா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் சின்னராஜ் அண்ணன். கம்பம் உடனே மேலே போனது. கொஞ்ச தூரம் போன பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "நானும் வேஷம் கட்டலை" என்றார்.

திங்கள்கிழமை ஊர் வந்து சேர்ந்தோம். தெருவே கூடி ஏற்றிக் கட்டியது. கல்யாணப் பந்தல் தார்ப்பாய்களின் ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கல்கள். தெருவைப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஒரே முகூர்த்தம் போலிருந்தது. நான் வாங்கி வந்தவள் என்பதால் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டைப் பார்த்தால், கணக்கில் ஒன்று குறைந்தது, பேனர்தான் மிச்சம். எழுத்து கீழே தெரியும்படி அண்ணன் கட்டிவிட்டான். வெறும் பக்கம் மேலே இருந்தால் தண்ணீர் வழுக்கும் என்றான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி திறந்தது, மழையும் திறந்தது. சேதக் கணக்கெடுப்புக்காக ஒரு அதிகாரி குடையோடு வந்தார். முழங்கால்வரை சேறு. பல நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். உள்ளே வந்து குடையை மடக்கி நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார். மேலே, சிவப்பு எழுத்தில்: 'அரசு விழித்ததா? தூங்கியதா?' ஓரத்தில் நடுவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தூளியில் குழந்தை.

அவர் உதடசைத்துப் படித்தார். பிறகு, கொஞ்சம் ஆவலாக, "தீர்ப்பு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"விழிச்சுதுன்னு சொன்னாங்க சார்."

"அந்தப் பக்கம் யாரு பேசுனா?"

"நான்தான் சார்."

ஆணி ஓட்டை வழியாக ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. நகர்ந்துகொண்டார். "நல்லாத்தான் பேசியிருப்பீங்க" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, வழக்கமான அந்தக் கனத்த குரலில்:

"குறை ஏதும் இருக்காம்மா?"

அண்ணியின் கை தானாகக் கட்டிக்கொள்ளப் போனது. வாய் திறந்துவிட்டது. அந்த வாக்கியம் பாதி வரை வந்துவிட்டதை நான் பார்த்தேன். பிறகு அவள் தலையைத் தூக்கி மேலே ஒருமுறை பார்த்தாள், சொட்டு இப்போது தூளியின் ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து தூளியைத் தள்ளிக் கட்டினாள். ஸ்டூலை முந்தானையால் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இருக்குங்க சார்" என்றாள். "உக்காருங்க. சொல்றேன்."